ஏலம் கேட்டவர் எங்கே?

ஏலத்துல விலை கேட்டா காசு கொடுக்கணும். இது பால பாடம். ஆனா 1995-ல ஆரம்பிச்ச ஈபேயில, கடைசி நொடியில விலையை ஏத்திட்டு மாயமாகிறவங்களுக்குப் பஞ்சமே இல்ல.

விற்றவர் என்ன செய்யணும்? அமெரிக்கத் தளத்தோட விதிப்படி 4 நாள் காத்திருக்கணும். அப்புறம் 'வாங்கியவர் பணம் கட்டவில்லை'னு காரணம் சொல்லி ஆர்டரை ரத்து செய்யணும். விற்பனைக் கமிஷன் திரும்பி வரும். உடனே "ஆஹா, நியாயம் கிடைச்சிருச்சு!"ன்னு சிலர் சிலாகிக்கிறாங்க.

என்ன நியாயம் சாமி இது? நடக்காத விற்பனைக்குக் கமிஷன் ஏது? அதைத் திருப்பித் தர்றது சலுகையா? பொருளைப் பட்டியலிடக் கட்டணம் கட்டியிருந்தா அது போனது போனதுதான். அடுத்த விலை கேட்டவர் அதுக்குள்ள வேற இடத்துல வாங்கியிருப்பார். ஏமாத்தினவரைப் பத்தி எதிர்மறையா மதிப்பிடவும் வழியில்ல. விற்பவர்கிட்ட இருந்து அந்த உரிமையை 2008-லயே பிடுங்கியாச்சு.

இதுல பாவம் பார்த்து, 'வாங்கியவரே ரத்து கேட்டார்'னு காரணம் போடுற புண்ணியவான்களும் உண்டு. கமிஷன் அப்பவும் வந்துரும். ஆனா பணம் கட்டாதவர் கணக்குல கரும்புள்ளி விழாது. அந்தப் புள்ளிகளை வெச்சுத்தான் மத்த விற்பனையாளர்கள் அப்படிப்பட்டவங்களைத் தடுக்க முடியும்.

ஆக, இந்த இரக்கத்துக்கு விலை கொடுக்கப்போறது அடுத்த அப்பாவி! காரணத்தைச் சரியாப் போடுங்க மக்களே.