மூலமும் மாற்றமும்

ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய நம் பதிப்பாசிரியர்கள் ஒரு நெறியைப் போற்றினர். ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டனர். பாடம் வேறுபட்ட இடத்தில் அடிக்குறிப்புத் தந்தனர். தம் சொல்லை இட்டு நிரப்பி, இதுவே மூலம் என்று வழங்குதல் தகாது எனக் கருதினர். நூலுக்குரிய இந்நெறி தொலைக்காட்சித் தொடருக்கும் வேண்டுமா? வேண்டும் என்பதே நம் கருத்து.

அமெரிக்க நாட்டில் 1978 முதல் 1982 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்னும் நகைச்சுவைத் தொடர் ஒளிபரப்பாயிற்று. நலிவுற்ற வானொலி நிலையம் ஒன்று ராக் இசைக்கு மாறிப் பிழைக்க முயல்வதே அதன் கதை. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த பாடல்களே அந்நிலையத்தில் ஒலித்தன. எனவே அப்பாடல்கள் கதையின் உறுப்புகளாகவே அமைந்தன.

அத்தொடரின் முதற் பருவம் 2007ஆம் ஆண்டு டி.வி.டி. வட்டாக வெளிவந்தது. கால் நூற்றாண்டு காத்திருந்த சுவைஞர்கள் ஆவலோடு வாங்கினர், ஏமாற்றமே எஞ்சியது. பாடல்கள் பலவற்றின் இடத்தில் முன்பின் கேட்டறியாத இசை ஒலித்தது. சில காட்சிகள் வெட்டுண்டன. பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் பாடலில் நாய் குரைப்பதைக் கேட்டு நிலைய மேலாளர் திகைத்து வினவும் காட்சி அவற்றுள் ஒன்று. பாடல் போனபின் நகைச்சுவைக்கு இடமேது?

இதன் காரணத்தையும் நாம் அறிதல் வேண்டும். இசைத்தட்டில் உள்ள பாடலைப் படத்தோடு இணைக்க இரண்டு இசைவுகள் தேவை. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியவரிடம் ஒன்று. ஒலிப்பதிவுக்கு உரியவரிடம் மற்றொன்று. அந்நாளைய ஒப்பந்தங்கள் ஒளிபரப்பையே கருதி எழுதப்பெற்றன. தொடர் முழுவதும் வட்டாகி வீடுதோறும் விற்பனையாகும் காலம் வரும் என அன்று நினைத்தவர் அரியர். ஆகவே ஒவ்வொரு பாடலுக்கும் மீண்டும் இசைவு பெற்றுப் பொருள் செலுத்த வேண்டியதாயிற்று. பாடலாசிரியரும் இசைஞரும் தம் உழைப்பின் பயனைக் கேட்பது குற்றமன்று. அதை மறுத்துச் சுவைஞர் பக்கமே நின்று பேசுதல் நீதியாகாது.

ஆயினும் முயன்றால் வழியுண்டு என்பதற்கு 2014ஆம் ஆண்டு சான்று பகர்கின்றது. அவ்வாண்டில் அதே தொடரை ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் பெரும்பாலான மூலப் பாடல்களோடு முழுமையாக வெளியிட்டது. 1988 முதல் 1993 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்த 'தி வொண்டர் இயர்ஸ்' தொடரும் அவ்வாண்டிலேயே தன் பாடல்களில் மிகப்பெரும்பாலானவற்றோடு வட்டாக வந்தது. தொடர் முடிந்து இருபத்தோராண்டு கழிந்த பின்னரே அது கைகூடிற்று. காலம் தாழ்ந்து வந்தாலும், அது தன் உருவோடு வந்தது.

இசைவு கிட்டாத பாடல்கள் என்றும் சில இருக்கும். அப்போது செய்யத்தக்கது யாது? 'இசை மாறியிருக்கலாம்' எனச் சிற்றெழுத்தில் ஒரு வரியை உறையில் அச்சிட்டு அமைவோர் உளர். எக்காட்சியில் எப்பாடல் நீங்கிற்று, எது புகுந்தது என அவ்வரி சொல்வதில்லை. அதனைப் பட்டியலாகத் தருவதற்கு ஆகும் செலவு ஒரு தாள் மட்டுமே. வெட்டிய இடத்தை வெட்டியது என்று கூறுவதற்கு எவருடைய இசைவும் வேண்டுவதில்லை.

சுவைஞரின் குறைபாட்டைப் பொழுதுபோக்குப் பிரியர்களின் பிடிவாதம் என எள்ளுவோர் உண்டு. முதல் ஒளிபரப்பைக் கண்டோர் இருக்கும்வரை மாற்றம் மாற்றமாகவே தெரியும். அவர்களுக்குப் பின் வருவோர் கையில் கிடைத்ததையே மூலம் எனக் கொள்வர். பிழை அப்போது வரலாறாகிவிடும் அன்றோ? மூலத்தைத் தர இயன்றால் தருக. இயலாவிடின், சிதைந்த ஏட்டில் நம் முன்னோர் இட்ட புள்ளியையேனும் இடுக.