நிறுவத் தெரிந்தால் போதாது, நீக்கவும் தெரிய வேண்டும்

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது, லெ ஜான்தி என்ற வானியலாளரின் கதையை வாத்தியார் சொல்வார். வெள்ளி, சூரியனைக் கடப்பதை அளக்க 1760-இல் கப்பலேறினார். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால், அந்த நாள் நடுக்கடலில் போயிற்று. எட்டு வருடம் காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். மேகம் மூடிவிட்டது.

அவரைக் கெடுத்தது மேகம். என்னைக் கெடுத்தது என் கைதான்.

2025 செப்டம்பர் 7, முழு சந்திர கிரகணம். இரவு 11 மணி முதல் 12.22 வரை நிலா முழுதாக மறைந்து சிவந்திருக்கும். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் மொட்டைமாடியில் தொலைநோக்கி, கேமரா, உபுண்டு போட்ட பழைய லேப்டாப் எல்லாம் தயார். கேமரா மட்டும் இணையவில்லை. நான் திரையோடு மல்லுக்கட்ட, பேரன் சொன்னான்: "தாத்தா, மேலே பாருங்க, முடியப் போகுது!"

காரணம் பிறகுதான் புரிந்தது. கேமராவுக்கும் கேஸ்டார்ஸ் மென்பொருளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் மாதிரி இருப்பது 'இண்டி' டிரைவர். போன வருடம் அதன் மூலநிரலை இறக்கி, 'மேக் இன்ஸ்டால்' கட்டளையில் நிறுவியிருந்தேன். பிறகு அதையே 'ஆப்ட்' வழியாகவும் நிறுவினேன். பழையதும் புதியதும் கலந்துவிட்டன. அன்றிரவு 'ஆப்ட் ரிமூவ்' எத்தனை தடவை கொடுத்தும் பயனில்லை.

ஆபீஸ் பாஷையில் சொன்னால், 'ஆப்ட்' ஒரு ஸ்டோர் கீப்பர். இருப்புப் பதிவேட்டில் ஏறிய சாமானை மட்டுமே அவர் எடுத்துப் போடுவார். நான் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து வைத்தது அவர் கணக்கிலேயே இல்லை. அதற்கான பட்டியல், மூலநிரலைக் கட்டிய கோப்புறையில் 'இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட்' என்ற கோப்பாக இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாக அழித்தேன். இன்னொன்று: 'ரிமூவ்' பொது அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும், 'பர்ஜ்' அவற்றையும் எடுக்கும். ஆனால் நம் ஹோம் கோப்புறையில் ஒளிந்திருக்கும் இண்டி அமைப்புகளை இரண்டுமே தொடாது. அதை நாமேதான் நீக்க வேண்டும்.

பட்டனை அழுத்தினால் ஆகிற காரியத்துக்குக் கட்டளை எதற்கு என்பார்கள். பட்டன் பெரும்பாலும் 'முடியவில்லை' என்பதோடு நின்றுவிடும். கட்டளை ஏன் முடியவில்லை என்றும் சொல்லும். கொடுத்ததை நோட்டில் எழுதி வைக்கலாம், அடுத்தவரும் அதையே செய்யலாம்.

பிள்ளைகளுக்கு நிறுவ மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். அது சார்ஜ் எடுக்கத் தெரிந்து, சார்ஜ் ஒப்படைக்கத் தெரியாத குமாஸ்தாவை உருவாக்குவது போல. இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

2028 டிசம்பர் 31 இரவு நமக்கு இன்னொரு முழு சந்திர கிரகணம் இருக்கிறது. அப்போது எண்பதை நெருங்கியிருப்பேன். ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் நீக்கி, புதிதாக நிறுவி, சோதித்துவிட வேண்டும். கட்டளைகள் எழுதிய நோட்டை இப்போதே பேரனிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு லேப்டாப் அவன் பொறுப்பு. நான் நிலாவைப் பார்க்கப் போகிறேன்.