புகார் வந்தால்தான் பள்ளிக்கூடம் விழித்துக்கொள்ள வேண்டுமா?

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் மன்றோ கவுண்டி என்று ஒரு வட்டாரம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துவந்த சிறுமிக்கு, பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த பையனால் தொல்லை. அவன் ஆபாசமாகப் பேசினான், தொட வந்தான். 1992 டிசம்பரில் இது தொடங்கியது. சிறுமி தாயிடம் சொன்னாள். ஆசிரியையிடமும் சொன்னாள். தாயும் பள்ளிக்கூடத்துக்குப் போய் முறையிட்டாள்.

பணம் கேட்டாளா? பையனைப் பள்ளியை விட்டே விரட்டச் சொன்னாளா? இல்லை. அவன் பக்கத்திலிருந்து இடம் மாற்றிக்கொடுங்கள் என்றுதான் சிறுமி கேட்டாள். அந்தச் சின்னக் காரியம் நடக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று! அதற்குள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவளின் மார்க்குகள் இறங்கிவிட்டன. தற்கொலை செய்துகொள்ளப்போவதாக அவள் எழுதி வைத்திருந்த சீட்டு ஒரு நாள் தகப்பனார் கையில் கிடைத்தது. கடைசியில் பையன் மீது வழக்கு வந்தது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இத்தனைக்கும் அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சட்டம் வந்து அப்போதே இருபது வருஷம் ஆகியிருந்தது.

1972 ஜூன் 23-ந் தேதி ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தில் ஒன்பதாவது பகுதி அது. 'டைட்டில் நைன்' என்றே அந்நாட்டில் அதைச் சொல்வார்கள். அதன் மூல வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். மத்திய சர்க்காரின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும், ஆண் என்றோ பெண் என்றோ காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது, பாரபட்சம் காட்டக்கூடாது என்பதே அதன் சாரம்.

அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹவாய்த் தீவைச் சேர்ந்த பேட்ஸி மிங்க் அம்மையார். ஜப்பானிய வம்சாவளியினர். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவக் கல்லூரியாக மனுப்போட்டார். ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை. சட்டம் படித்து, பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 2002-ல் அவர் காலமான பின் அந்தச் சட்டத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். டாக்டர் படிப்பு மறுக்கப்பட்ட பெண்ணின் பெயரில் சட்டம்! அவரைத் தேர்ந்தெடுக்காத கல்லூரிகளும் இன்று அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

சட்டத்தால் பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1971-72-ல் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் குழுக்களில் மூன்று லட்சம் பெண்கள்கூட இல்லை. இன்று முப்பது லட்சத்துக்கு மேல். பையனுக்குத் தச்சுப் பட்டறை, பெண்ணுக்குச் சமையல் வகுப்பு என்று பிரித்துப் போடுவது போயிற்று. கர்ப்பமான மாணவியைப் பள்ளியை விட்டு நீக்குவதும் 1975-ல் வந்த விதிகளால் தடை செய்யப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த கதவுகள் எல்லாம் திறந்தன. கண்ணுக்குத் தெரியாமல் வகுப்பறைக்குள் நடக்கும் அநியாயம் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

பெயருக்கு ஓர் அதிகாரி

அதே 1975 விதிகளில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் இதற்கென்று ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். புகார் செய்வதற்கு ஒரு முறை வகுக்க வேண்டும். அதிகாரி யார் என்பதை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும்.

காகிதத்தில் இருந்த இந்த ஏற்பாடு நடைமுறையில் என்ன ஆயிற்று என்பதற்கு டெக்ஸாஸ் மாநிலத்து லாகோ விஸ்டா பள்ளி வழக்கே சாட்சி. அங்கே ஓர் ஆசிரியர் தம் மாணவியிடமே தகாத முறையில் நடந்துவந்தார். பெண் வெளியே சொல்லவில்லை. தவறு என்று தெரிந்தும், என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தாள். 1992 அக்டோபரில் வேறு இரண்டு மாணவிகளின் பெற்றோர், இவர் வகுப்பில் கண்டபடி பேசுகிறார் என்று தலைமை ஆசிரியரிடம் முறையிட்டார்கள். அவர் ஆசிரியரை அழைத்து எச்சரித்ததோடு விட்டுவிட்டார். பொறுப்பு அதிகாரியான மேலாளரிடம் சொல்லவில்லை. 1993 ஜனவரியில் போலீஸ்காரர் ஒருவர் கண்ணில் பட்டபோதுதான் விஷயம் அம்பலமாயிற்று. ஆசிரியர் கைது செய்யப்பட்டார், வேலையும் போயிற்று.

மாணவியின் குடும்பம் பள்ளி நிர்வாகத்திடம் நஷ்டஈடு கேட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1998-ல் தீர்ப்பு. நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவருக்கு விஷயம் நேராகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அவர் வேண்டுமென்றே சும்மா இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் நஷ்டஈடு என்று 5 நீதிபதிகள் சொன்னார்கள். 4 பேர் ஒப்பவில்லை. வழக்கு தோற்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பள்ளி நிர்வாகம் புகார் செய்யும் முறை எதையும் வகுத்து வெளியிட்டிருக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்று சொல்லிக்கொடுக்காத நிர்வாகம், 'எங்களிடம் யாரும் சொல்லவில்லையே' என்று கூறித் தப்பித்துக்கொண்டது! புகார் முறை வகுக்காததே பாரபட்சம் ஆகிவிடாது என்றும் கோர்ட்டு சொல்லிற்று. காதைப் பொத்திக்கொள்ளும் நிர்வாகத்துக்கு இது லாபமாகிவிடும் என்று மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ் எச்சரித்தார். அவர் சொன்னதே நியாயம்.

பெரும்பான்மை நீதிபதிகள் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. சர்க்கார் பணம் தருகிறது, நிபந்தனை போடுகிறது. அது ஓர் ஒப்பந்தம் மாதிரி. தனக்குத் தெரியாமல் ஓர் ஊழியர் செய்த குற்றத்துக்காகப் பள்ளியின் கஜானாவைக் காலி செய்யலாமா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக் கட்டடம் இடிந்து விழுந்தால், 'சுவரில் விரிசல் இருப்பதாக எந்தப் பிள்ளையும் மனுக் கொடுக்கவில்லை' என்று எந்த நிர்வாகமாவது சொல்ல முடியுமா? சுவரைப் பார்த்து வைப்பது யாருடைய வேலை?

இன்னும் இரண்டு தீர்ப்புகள்

இடம் மாற்றக் கேட்ட ஜார்ஜியாச் சிறுமியின் வழக்கு மறு வருஷம், 1999-ல் முடிவாயிற்று. சக மாணவன் செய்யும் தொல்லைக்கும் பள்ளி பொறுப்பாகலாம் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. அங்கேயும் அதே நிபந்தனை: பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் அலட்சியம் செய்திருக்க வேண்டும். தாயும் மகளும் திரும்பத் திரும்பப் போய் முறையிட்டிருந்ததால் அந்த வழக்குக்குக் கதவு திறந்தது.

அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரில் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜாக்சன் என்பவர், ஆண்கள் குழுவுக்கு இருக்கும் பணமும் சாதனங்களும் பெண்களுக்கு இல்லையே என்று கேட்டார். 2001-ல் பயிற்சியாளர் பதவி பறிபோயிற்று. குறை சொன்னவரைப் பழிவாங்குவதும் பாரபட்சமே என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் சொன்னது. அதுவும் 5-க்கு 4. பழிவாங்கப்படலாம் என்று பயந்தால் யார்தான் வாய் திறப்பார்கள்?

மூன்று தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சான்ட்ரா டே ஓ'கானர் அம்மையார். அந்தக் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி. 1952-ல் சட்டப் படிப்பை முடித்து வேலை தேடியபோது, ஒரு வக்கீல் கம்பெனி அவருக்குக் காரியதரிசி வேலை தருவதாகச் சொன்னதாம்! பாரபட்சம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் 1998-ல் கதவை அவ்வளவு ஒடுக்கமாக வைத்தது வருந்தத்தக்கதே.

2020-ல் கல்வி இலாகா கொண்டுவந்த விதிகளில் ஒரு முன்னேற்றம் உண்டு. பள்ளியின் எந்த ஊழியருக்குப் பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தாலும் பள்ளிக்கே தெரிந்ததாக அர்த்தம். ஆசிரியரோ, பஸ் டிரைவரோ, யாராக இருந்தாலும் சரி. 2024-ல் வேறு விதிகள் வந்தன. 2025 ஜனவரியில் ஒரு கோர்ட்டு அவற்றை ரத்து செய்ததால் 2020 விதிகளே திரும்பவும் அமலுக்கு வந்தன. ஆனால் இது கல்வி இலாகா எடுக்கும் நடவடிக்கைக்குத்தான். நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் பழைய 1998 அளவுகோலே நிற்கிறது. புகார்களை விசாரிக்கும் அந்த இலாகாவின் 12 வட்டார அலுவலகங்களில் 7-ஐ மூடப்போவதாக 2025 மார்ச்சில் அறிவிப்பும் வந்தது.

எனவே முதலில் வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் அல்ல. பள்ளி திறக்கும் முதல் வாரத்தில், பொறுப்பு அதிகாரி நேரில் ஒவ்வொரு வகுப்புக்கும் போகட்டும். என் பெயர் இது, என் அறை இது, என்னிடம் சொன்னால் யாரும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று பிள்ளைகளிடம் சொல்லட்டும். சொல்லாத பள்ளி, 'எங்களுக்குத் தெரியாது' என்று கோர்ட்டில் வாதாட முடியாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு வரி சேர்க்கட்டும். 37 சொல்லோடு இன்னும் ஒரு பத்துச் சொல் சேர்ந்தால் சட்டப் புத்தகம் கனத்துவிடாது.