குடிநோயாளிக்குத் தோழர் யார்?

'குடியாதே' என்று கூறுவோர் ஏராளம். குடியிலிருந்து மீள விழைவோனுக்குக் கைகொடுப்போர் எத்தனை பேர்? மேடைதோறும் குடியின் கேட்டைச் சாடுகிறோம். கைதட்டல் எழுகிறது, கூட்டம் கலைகிறது. கைதட்டியவர்களுள் ஒருவர் நெஞ்சிலே உறுதியோடும் கையிலே நடுக்கத்தோடும் வீடு திரும்புகிறாரே, அவர் நாளை மாலை எங்கே செல்வது? அதற்கு விடை சொல்லாத பேச்சு பாதிப் பேச்சேயாகும்.

1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. அன்னை நாகம்மையாரும் கண்ணம்மையாரும் களம் புகுந்தனர். தந்தை பெரியார் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் மீண்டது, 1981-ல் மறுபடியும் போயிற்று. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. சட்டம் பற்றிய வாதம் தொடரட்டும், தொடரவும் வேண்டும். ஆனால், வாதம் முடியும் வரையில் நோய் காத்திருக்குமா?

ஆம், நோய்தான்! உலக சுகாதார நிறுவனம் இதனை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. காசநோய்க்காரரைக் கண்டு 'மன உறுதி இல்லாதவன்' என்று நாம் ஏசுவதுண்டா? இல்லையே! குடிநோயாளிக்கு மட்டும் ஏன் ஏச்சும் பேச்சும்?

மலைக்கு மாலை அணிந்தவர் ஒரு மண்டலம் மதுவைத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றியதும் சிலர் மறுபடியும் கடை வாசலில் நிற்கின்றனர். காரணம் என்ன? மாலை அணிந்த நாட்களில் காலையும் மாலையும் ஒரு குழு உடனிருந்தது. கழற்றியதும் குழு கலைந்தது, அவர் தனியரானார். பகுத்தறிவாளர் இதிலே காணவேண்டிய பாடம் ஒன்றுண்டு. உறுதி மட்டும் போதாது, துணை வேண்டும். அதுவும் 48 நாட்களோடு முடிந்துவிடாத துணை வேண்டும்!

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரிலே பங்குச் சந்தைக்காரர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒருவர் துயரை மற்றவர் கேட்டதால் இருவருமே தப்பினர். அவ்விதம் பிறந்ததுதான் ஏ.ஏ. எனப்படும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1957-ல் அது இந்தியாவுக்கும் வந்தது. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஊரைக் கேட்பதில்லை, பதவியைக் கேட்பதில்லை, சாதியைக் கேட்பதில்லை. சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மரபினர் நாம். அத்தகைய அவையில் அமர நமக்கென்ன தயக்கம்?

'அங்கே கடவுள் பேச்சு உண்டாமே' என்பார் சில தோழர். உண்டு. பன்னிரு படிகளில் அச்சொல் வருகிறது. 'அவரவர் புரிந்துகொண்டவாறு' என்ற விளக்கமும் உடன் வருகிறது. கூடியிருக்கும் குழுவையே தம்மினும் பெரிய ஆற்றலாகக் கொள்ளும் நாத்திகரும் அதில் உள்ளனர். உயிர் பிழைக்கச் சென்ற இடத்தில் சொல்லுக்காகச் சண்டை வேண்டாம்!

மறைமலை நகரில் ஆலை வேலை முடித்து வரும் தோழர் செய்யவேண்டியது என்ன? நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் வீட்டிலேயே திடுமென நிறுத்தலாகாது. இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே, முதலில் மருத்துவர். மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம் செங்கற்பட்டு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாற்றில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கெனவே நடக்கிறது. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அருகிலுள்ள குழு எது, கூடும் நாள் எது என்பதை எங்கும் கேட்டறிக. தாம்பரம் வரை சென்றாலும் சென்று ஒருநாள் அமர்ந்து பார்க்கட்டும். குடும்பத்தினர்க்கு 'அல்-அனான்' என்ற தனிக் குழு உண்டு. குடிப்பவர் அறியாமல் காப்பியில் மருந்துப்பொடி கலக்கும் வேலை மட்டும் வேண்டாம். அதன்மேல் மது சேர்ந்தால் உயிரே போகலாம்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஏற்ப, படிப்பகத்தையோ தொழிற்சங்க அறையையோ இத்தகைய குழுவுக்குத் திறந்து விடுவீர்! எக்கட்சியையும் சாராதது அவர்கள் மரபு. எனவே கொடி வேண்டாம், சுவரொட்டி வேண்டாம், படம் எடுத்தல் அறவே வேண்டாம். தம் செலவைத் தாமே ஏற்பதும் அவர்கள் மரபு. வாடகை தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வீர். உள்ளே வந்தவர் யார் என்பதை வெளியே எவரிடமும் சொல்லாதீர்! மேடையில் வாய் திறக்கத் தெரிந்த நமக்கு, இவ்விடத்தில் வாய் மூடவும் தெரியவேண்டும்.

இன்னொன்று. தேர்தல் வேலை முடிந்த இரவில் தோழர்க்குப் பாட்டில் வாங்கித் தரும் வழக்கம் எந்தக் கிளையிலேனும் இருப்பின், அது இன்றோடு ஒழியட்டும். பகலில் மதுவின் தீமை பேசி இரவில் புட்டி நீட்டுவது கழகத்துக்கும் கேடு, தோழரின் குடும்பத்துக்கும் கேடு.

மீண்டவர் மறுபடி வழுக்கி விழலாம். அதற்காகக் கைவிடாதீர். அடுத்த வாரக் கூட்டத்துக்கு அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பைக் கிளைக்கு ஒருவர் இன்றே ஏற்கட்டும்!