பெயரனிடம் பாட்டன் முகமா?

டாடா நிறுவனம் 2025 நவம்பரில் சியரா காரை மீண்டும் கொண்டுவந்ததும், ‘இது எங்கள் சியராவே அல்ல’ என்று கார்ப் பிரியர்கள் புலம்புகிறார்கள். 1991இல் வந்ததற்கு மூன்று கதவுகள், இதற்கு ஐந்து. அதுதான் துரோகமாம்.

அன்று அதை வாங்கியவர்கள் எத்தனை பேர்? மண்டைக்காட்டுக் கொடைக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறவர், முன்னிருக்கையை மடக்கித்தான் பாட்டியைப் பின்னால் ஏற்றமுடியும். ஊர் அம்பாசடரிலேயே போயிற்று. சியரா போதிய விற்பனையின்றி நின்றுபோனது. உயிரோடிருந்தபோது திரும்பிப் பாராதவர்களுக்கு இப்போது ஒப்பாரி எதற்கு? சிற்றிதழுக்குச் சந்தா கட்டாமலிருந்து, அது நின்றபின் இரங்கற்கட்டுரை எழுதும் நம்மவர் பழக்கமும் இதுதான்.

பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. அவனிடம் பாட்டனின் முகத்தையும் கேட்பது நியாயமில்லை. இந்தப் பெயரனாவது பாட்டியைச் சிரமமின்றி ஏற்றிச்செல்லட்டும்.