குனிந்த தலையும் கித்தார் ஓசையும்

பெண் குனிந்த தலை நிமிராமல் நடந்தால் ஊர் மெச்சும். மேடையில் இசைக்கும் ஒருவர் அப்படி நின்றாலோ எள்ளி நகையாடும். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1989இல் தோன்றிய ஸ்லோடைவ் என்னும் இசைக்குழு இதற்குச் சான்றாகும்.

இக்குழுவினர் கித்தார் ஒலியைக் காலடியிலுள்ள மின்கருவிகளால் மாற்றி, பெரிய ஆலயத்துள் எழும் எதிரொலிபோல் அடுக்கடுக்காகப் பெருக்கினர். அக்கருவிகளை மிதித்து இயக்க வேண்டுமாகையால் பார்வை கீழ்நோக்கியே இருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் இவ்வகை இசைக்கு 'ஷூகேஸ்', அதாவது காலணியைப் பார்த்து நிற்பது, என்று கேலிப்பெயர் சூட்டின. மூன்றாம் இசைத்தட்டு 1995இல் வெளிவந்ததும் வெளியீட்டு நிறுவனம் கைவிட்டது, குழு கலைந்தது.

அவர்களே 2014இல் மீண்டும் மேடையேறினர். 2017இல் புதிய இசைத்தட்டு, 2023இல் இன்னொன்று. பின்னதை, 2020இல் காலமான பாடகி ரேச்சல் காஸ்வெலின் தாய்க்கும் டிரம்ஸ் கலைஞரின் தந்தைக்கும் காணிக்கையாக்கினர். இன்று பல இளங்குழுக்களும் அதே ஓசையை நாடுகின்றன. அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்பாரும் உளர். அவர்கள் நம் காரைக்குடியைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் ஆகியோரின் வீணை நாடறிந்தது. (வீணை வாசிப்பவரும் தலை குனிந்து மெட்டுகளைத்தான் பார்க்கிறார், அவரை யாரும் கேலி செய்வதில்லை!) சாம்பசிவ ஐயர் 1958இல் மறைந்தார். சிறுமியாக அவரிடம் குருகுலவாசம் செய்த ரங்கநாயகி ராஜகோபாலன் அவ்வழியைத் தம் விரல்களில் காத்து நின்றார். அவரும் 2018இல் மறைந்தார். அவர் வாசித்ததை 'பழைய சரக்கு' என்று எவரேனும் கூறத் துணிவரா? ஓர் ஓசையைப் பயின்று காப்பவருக்குப் பாராட்டு இங்கு உண்டென்றால், ரெடிங் நகரத்தாருக்கு மட்டும் ஏன் இல்லை?

ஒரு குறையை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குரலைக் கித்தார் ஓசைக்குள் அமிழ்த்திவிடுவதால் பாட்டின் சொற்கள் விளங்குவதில்லை. மக்களுக்கு விளங்க வேண்டுமென்றே திருச்சபையும் 1960களில் திருப்பலியில் தாய்மொழிக்கு இடம் தந்தது. சொல்லுக்கு உயிர் கொடுக்கும் தமிழ்க் காது இதைக் குறை கூறுவது இயல்பே. ஆயினும் வீணையில் வாசிக்கும் தானத்தில் சொல் ஏது? கேட்டு மனம் உருகுகிறோம் அல்லவா?

நம் இசை வகுப்பில் ஒரு மாலை ரங்கநாயகி அம்மையாரின் தானத்தையும் ஸ்லோடைவின் 2017 இசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்க ஆசிரியை அனுமதிப்பாராக. பிறகு விவாதிக்கலாம்.