மாமியாரின் மூக்கைத் திட்டாதீர்கள்!

அடுப்பில் பால் பொங்கி, அடிப்பிடித்து, தீய்ந்த நாற்றம் தெருவரை வருகிறது. பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் மாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'இதுகூடவா தெரியல? எல்லாம் அலட்சியம்!' என்று நமக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. அலட்சியம் இல்லைங்க. அந்த நாற்றம் நிஜமாகவே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வயதானவருக்குக் கண் மங்கினால் கண்ணாடி, காது மந்தமானால் மெஷின் என்று ஓடுகிறோம். மூக்கை யாரும் கண்டுகொள்வதில்லை. மெல்ல மெல்லக் குறைவதால் அவருக்கே தெரிவதில்லை, பாவம். அமெரிக்காவில் 53 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2002-ல் வெளியான ஆய்வில், 24.5 சதவிகிதம் பேருக்கு வாசனை அறியும் சக்தி குறைந்திருந்தது. குறை இருப்பதாகத் தாங்களே சொன்னவர்களோ 9.5 சதவிகிதம்தான்! 80 வயதைத் தாண்டியவர்களில் 62.5 சதவிகிதம் பேருக்குக் குறை.

அதற்காக எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. 85 வயதிலும் ரசம் கொதிக்கும்போதே 'பெருங்காயம் போதலையே' என்று சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள். அறுபதிலேயே இழந்தவர்களும் உண்டு. ஒருவருக்கே ஒரு வாசனை தெரியும், இன்னொன்று தெரியாது. மல்லிகைப்பூவைச் சரியாகச் சொல்லிவிட்டார், கேஸ் கசிந்தாலும் சொல்லிவிடுவார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. நம்மை எச்சரிக்கத்தான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். மூக்கு ஒத்துழைக்காதவருக்கு அதனால் என்ன பயன்? பகலில் பெரியவர் தனியாக இருக்கும் வீடென்றால், கேஸ் கசிவு அலாரம் வாங்குவது ஆடம்பரமே இல்லை. வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் குழம்புக்குத் தேதி எழுதி ஒட்டுங்கள். ஊசிப்போனது அவருக்குத் தெரியாது.

'சாப்பாடு சப்புனு இருக்கு, உப்பே இல்ல' என்கிறாரா? ருசியில் பெரும்பங்கு மூக்கின் வேலைதான். அவர் கேட்கிறாரே என்று உப்பை அள்ளிப் போட்டால் பிரஷர்தான் ஏறும். மிளகு, இஞ்சி, எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

'வயசாச்சு' என்று ஒரேயடியாகக் கைகழுவவும் வேண்டாம். மூக்கில் சதை வளர்ச்சி, சைனஸ், ஜலதோஷம், கொரோனா, தலையில் அடி என்று காரணங்கள் பல. சிலவற்றுக்கு வைத்தியம் உண்டு. பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே வாசனை குறைவது உண்டு. உடனே பயந்துவிடாதீர்கள், மூக்கு மந்தமான எல்லாருக்கும் அந்த நோய் வருவதில்லை. காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் வாசனைகளைத் தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில் முகர்ந்து பழகும் பயிற்சியும் சிலருக்குப் பலன் தருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அது பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள்.